எவர்சில்வரும் கறள் பிடிக்குமா?



சென்ற மாத ஞாயிறு நிகழ்ச்சியில் பத்து நிமிடம் பேசிய விடயத்தின் விரிவான எழுத்து வடிவம் இது. நேரம் போதாமல் பல செய்திகளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. "எவர்சில்வர் சட்டியின் அடியில் சின்னச் சின்னப் புள்ளி விழுகிறதே, அது கறளா?" என்பது முதலாவது. "ரெஸ்லா சைபர்ட்ரக் வாகனம் முழுக்க எவர்சில்வர்தானே, அதிலும் கறள் என்கிறார்களே?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியை ஒரு அம்மா சற்றுத் தயங்கித்தான் கேட்டார்: "தம்பி, என்ரை காலுக்குள்ளை முப்பது வருசமாக் கம்பி கிடக்குது. அது கறள் பிடிக்காதோ?"

நான் விஞ்ஞானி அல்லன். வணிகவியல் படித்த கணக்காளன். பெறுமானத்தேய்வைக் கணித்து ஐந்தொகையில் எழுதுவது என் தொழில். ஆனால் கறள் என்பது கணக்காளருக்கும் உரிய விடயம்தான். 2002ஆம் ஆண்டு வெளியான அரச ஆய்வு ஒன்று, உலோக அரிப்பினால் அமெரிக்காவுக்கு ஆண்டுதோறும் நேரடியாக ஏற்படும் செலவு 276 பில்லியன் டொலர் என்று கணக்கிட்டது. அப்போதைய மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது 3.1 வீதம். யாரும் ரசீது எழுதாத செலவு இது. அதனால்தான் இந்த விடயத்தைத் தேடி வாசித்தேன்.

உருக்குக்கு ஒரு தோல்

சாதாரண இரும்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடும் ஈரத்தோடும் சேர்ந்து செந்நிறக் கறளாகிறது. அந்தக் கறள் பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளியே வரும், அதுவும் கறளாகும். ஊரில் மழைக்குள் விட்ட மண்வெட்டியும் கிணற்றடி வாளியும் இப்படித்தான் போயின.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரேயர்லி என்ற உலோகவியலாளர், துப்பாக்கிக் குழல்கள் உட்புறம் தேய்ந்து போவதற்கு மாற்று வழி தேடிக்கொண்டிருந்தார். 1913 ஆகஸ்ட் மாதம் அவர் வார்த்த உருக்கில் 12.8 வீதம் குரோமியம் இருந்தது. நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக அதை அமிலத்தில் அரிக்க முயன்றபோது அது இலகுவில் அரிபடவில்லை. வினாகிரி, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றையும் தாங்கியது. உணவு மேசைக் கத்திகளுக்குப் பொருத்தமான உலோகம் இது என்று அவர் கண்டுகொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில், 1912இல், ஜேர்மனியின் குருப் நிறுவனத்தில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த உருக்கு உருவாகியிருந்தது. இன்று நம் குசினிகளில் உள்ள நல்ல சட்டிகள் இந்த இரண்டாவது வழியில் வந்தவை.

குரோமியம் செய்யும் வேலை இதுதான். உருக்கில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் இருந்தால், அது ஒட்சிசனோடு சேர்ந்து மேற்பரப்பில் குரோமியம் ஒட்சைட்டு நிறைந்த ஒரு மெல்லிய தோலை உண்டாக்கும். அந்தத் தோல் உதிராது. ஈரத்தையும் உள்ளே விடாது. கீறினாலும் காற்றுப் பட்டவுடன் தானாகவே வளர்ந்து மூடிக்கொள்ளும். அதன் தடிப்பு இரண்டு மூன்று நனோமீற்றர் மட்டுமே. ஒரு தாளின் தடிப்பு வருவதற்கு இப்படிப்பட்ட தோல்களை ஐம்பதாயிரம் தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஆகவே எவர்சில்வரை எவர்சில்வராக வைத்திருப்பது உள்ளே இருக்கும் இரும்பு அல்ல. மேலே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத இந்தத் தோல்தான்.

ஆங்கிலப் பெயரும் "கறையே படாதது" என்றுதான் சொல்லுகிறது. உண்மையில் இது கறை குறைவாகப் படும் உருக்கு. தோல் இருக்கும்வரைதான் பாதுகாப்பு.

உப்பு என்ன செய்கிறது?

தோலுக்குப் பெரிய எதிரி உப்பில் உள்ள குளோரைட்டு. அது முழு மேற்பரப்பையும் தாக்காது. எங்கே தோல் பலவீனமாக இருக்கிறதோ, அங்கே ஊசிமுனை அளவில் ஒரு துளை போடும். துளைக்குள்ளே ஒட்சிசன் போதியளவு போகாததால் தோல் மீண்டும் வளராது. கரைந்த உலோகம் தண்ணீரோடு தாக்கமுற்று அமிலத்தை உண்டாக்கும். கரைந்த உலோகத்தின் மின்னேற்றத்தைச் சமப்படுத்த மேலும் குளோரைட்டு உள்ளே இழுக்கப்படும். அமிலமும் குளோரைட்டும் சேர்ந்து இன்னும் உலோகத்தைக் கரைக்கும். கணக்காளர் மொழியில் சொன்னால் இது வட்டிக்கு வட்டி. வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும். உள்ளே குழி ஆழமாகிக்கொண்டே போகும்.

உங்கள் சட்டியின் அடியில் விழும் புள்ளிகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குளிர்ந்த தண்ணீரில் உப்பைப் போட்டால் உப்புக்கல் அடியில் தங்கிக் கிடக்கும். கல் கிடந்த இடத்தில் குளோரைட்டு மிகச் செறிவாக இருக்கும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிளறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சட்டி ஓட்டையாகாதவரை அந்தப் புள்ளிகளால் ஆபத்தும் இல்லை.

இன்னொரு இடம் இடுக்கு. ஆணித்தலைக்கு அடியில், கைபிடி பொருத்திய மூட்டில், மூடியின் மடிப்பில் ஈரம் தேங்கும், காற்றோட்டம் இராது. துளைக்குள் நடப்பதே அங்கேயும் நடக்கும். இந்த இடுக்கைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். காலுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல

சட்டியின் அடியில் 18/8 அல்லது 18/10 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 18 வீதம் குரோமியம், 8 அல்லது 10 வீதம் நிக்கல் என்பது பொருள். இதன் தொழில் இலக்கம் 304. அதோடு இரண்டு முதல் மூன்று வீதம் வரை மொலிப்டினம் சேர்ந்தால் 316. மொலிப்டினம் குளோரைட்டின் தாக்குதலை எதிர்த்து நிற்கும். அதனால் கடலோர வேலைகளுக்கும் மருத்துவத்துக்கும் 316 பயன்படுகிறது. 430 என்பதில் நிக்கல் கிடையாது, காந்தம் ஒட்டும். 200 வரிசை உருக்குகளில் விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து, மங்கனீசும் நைதரசனும் சேர்த்திருப்பார்கள். இந்தியாவில் விற்கும் மலிவான பாத்திரங்கள் பல இந்த வரிசையைச் சேர்ந்தவை. பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. உப்பும் புளியும் பட்டுப் பழகும்போதுதான் தெரியும்.

காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, ஆகவே நல்லது" என்று முடிவு செய்ய முடியாது. 304உம் ஒட்டாது, 200 வரிசையும் ஒட்டாது. அடியில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குவதே நல்லது.

தெரிவு பிழைத்தால் உயிரும் போகும் என்பதற்கு நம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சூரிச்சுக்கு அருகிலுள்ள ஊஸ்டர் நகரில் 1972இல் திறக்கப்பட்ட உள்ளரங்க நீச்சல்தடாகம் ஒன்றின் கொங்கிறீற் உட்கூரையை எவர்சில்வர் கம்பிகள் தாங்கி நின்றன. 1985 மே 9ஆம் திகதி அந்தக் கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் குளோரினிலிருந்து வந்த சேர்வைகள் ஈரக்காற்றோடு மேலே போய்க் கம்பிகளில் படிந்திருந்தன. பாரத்தைத் தாங்கி இழுபட்டு நிற்கும் எவர்சில்வரில் குளோரைட்டு படிந்தால், குழியோடு நிற்காமல் வெடிப்பாகவே ஓடும். வெளியே பெரிதாகக் கறள் தெரியாமலே கம்பி அறுந்துவிடும். இதன் பிறகு நீச்சல்தடாகக் கூரைகளில் எந்த உருக்கைப் பயன்படுத்துவது என்பதில் உலகம் மிகவும் கவனமானது.

மேற்பரப்பை மாற்றியமைத்தல்

உள்ளே இருப்பதை மாற்றாமல் மேற்பரப்பை மட்டும் மாற்றி உலோகத்தைக் காப்பாற்றுவது பழைய வித்தை. நமது சன்னிவேலில் பழக்கலவைத் தகரப்பேணி போல வர்ணம் பூசிய தண்ணீர்த் தாங்கி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கணினிகள் வரும் முன் இது பழத்தோட்ட ஊர். அங்கே இருந்த லிபி நிறுவனத்தின் பழம் அடைக்கும் ஆலையின் ஞாபகச் சின்னம் அது. அந்தப் பேணிகள் உருக்குத் தகட்டின்மேல் மிக மெல்லியதாக வெள்ளீயம் பூசியவை. பழத்தின் புளிப்பிலிருந்து உருக்கைக் காத்தது அந்தப் பூச்சு.

எவர்சில்வருக்கு மூன்று வகையில் இதைச் செய்கிறார்கள்.

முதலாவது, சுத்தம் செய்து தோலை வளர விடுவது. ஆலையில் வெட்டும்போதும் தேய்க்கும்போதும் சாதாரண இரும்புத் துகள்கள் மேலே ஒட்டிக்கொள்ளும். நைத்திரிக் அமிலத்திலோ சித்திரிக் அமிலத்திலோ தோய்த்தால் அந்தத் துகள்கள் கரைந்து போகும். குரோமியத் தோல் சீராக வளரும். சைபர்ட்ரக் கேள்விக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. 2023 நவம்பர் இறுதியில் அந்த வாகனங்கள் கைமாறத் தொடங்கின. 2024 தொடக்கத்தில் சிலர் தங்கள் வாகனத்தில் செம்மஞ்சள் புள்ளிகளைக் கண்டதாகச் சொன்னார்கள். மேலே வந்து ஒட்டிய இரும்புத் துகள்களே கறளாகின்றன, துடைத்தால் போய்விடும் என்று நிறுவனத்தின் பொறியியலாளர் விளக்கம் கொடுத்தார். வீதித் தூசியிலும் தண்டவாளங்களின் அருகிலும் இப்படிப்பட்ட துகள்கள் நிறைய உண்டு. வர்ணம் பூசாத வாகனம் என்பதால் அவை நேரே உருக்கில் வந்து உட்காருகின்றன.

இரண்டாவது, மின்னால் மெருகூட்டுவது. அமிலத்தில் அமிழ்த்தி மின்னைச் செலுத்தினால் மேற்பரப்பிலுள்ள மேடுகள் முதலில் கரையும். மேற்பரப்பு கண்ணாடி போலாகும். குரோமியத்தின் பங்கும் கூடும். இந்தப் பள்ளத்தாக்கை வளர்த்த சிப் தொழிலுக்கு இது அத்தியாவசியம். சிலிக்கன் தகடுகளைச் செதுக்கும் வாயுக்களில் பல, சிறிது ஈரம் பட்டாலும் கடும் அமிலமாகும். அவற்றைக் கொண்டுசெல்லும் 316எல் குழாய்களின் உட்புறத்தை, மேடுபள்ளம் சராசரியாக 0.25 மைக்ரோமீற்றருக்கு மேற்படாதபடி மெருகூட்டுவார்கள். குழாயிலிருந்து ஒரு துகள் கழன்று போனாலும் சிப் பழுதாகும். நம்மில் பலர் இந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து வீடு வாங்கியவர்கள். தோல் என்பது அங்கேயும் சோறு போட்டிருக்கிறது.

மூன்றாவது, மேற்பரப்புக்குள் வேறு பொருளைப் புகுத்துவது அல்லது மேலே பூசுவது. தங்க நிறக் குழாய்களும் கரண்டிகளும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, வெற்றிடத்தில் தைத்தானியம் நைத்திரைட்டு படியவைத்தவை. நைதரசனை உள்ளே செலுத்தியும் மேற்பரப்பை உறுதியாக்கலாம். ஆனால் வெப்பநிலை மிக முக்கியம். சுமார் 450 பாகை செல்சியசுக்குக் கீழே செய்தால் உருக்கு கடினமாகும், அரிப்பையும் தாங்கும். அதற்கு மேலே போனால் நைதரசன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். தோல் வளரக் குரோமியம் மிஞ்சாது.

காலுக்குள் இருக்கும் கம்பி

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். யுத்தகாலத்தில் எலும்பு முறிந்து, தகடும் ஆணியும் வைத்துப் பொருத்தப்பட்டவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். அந்தத் தகடுகளுக்கு உலகெங்கும் அதிகம் பயன்பட்ட உலோகங்களில் ஒன்று 316எல் எவர்சில்வர். "எல்" என்றால் காபன் குறைந்தது என்று பொருள். காபன் கூடினால், காய்ச்சி ஒட்டும்போது அது குரோமியத்தைப் பிடித்துத் தோலைப் பலவீனமாக்கும்.

நமது உடம்பின் நீரும் உப்பு நீர்தான். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைனில் 0.9 வீதம் உப்பு உண்டு. கடலில் சுமார் 3.5 வீதம். ஆகவே உடம்பு ஒரு மென்மையான கடல். தகட்டுக்கும் ஆணித்தலைக்கும் இடையில் நான் முன்பு சொன்ன இடுக்கு இருக்கிறது. நடக்கும்போது இரண்டும் உராய்ந்து தோலைச் சுரண்டுகின்றன. குழியும் இடுக்கு அரிப்பும் அங்கேதான் தொடங்கும்.

இதைத் தீர்க்க முயன்றவர்களில் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் உண்டு. கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971இல் தொடங்கப்பட்டது. அணு உலைகளில் எவர்சில்வர் நெடுங்காலம் அரிபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அங்கே அரிப்பு ஆராய்ச்சி வளர்ந்தது. அந்த அறிவு மருத்துவத்தின் பக்கமும் திரும்பியது. உ. காமாட்சி முதலி, டி. எம். ஸ்ரீதர், பல்தேவ் ராஜ் ஆகியோர் 2003இல் "சாதனா" என்ற ஆய்விதழில், உடம்புக்குள் வைக்கும் உலோகங்களின் அரிப்பைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பழுதான எவர்சில்வர் தகடுகளைப் பார்த்தால் குழி அரிப்பும் இடுக்கு அரிப்பும் கணிசமாகத் தெரிகின்றன என்பதை எடுத்துக்காட்டி, அதற்கு வழிகளையும் சொன்னார்கள்.

ஒன்று, நைதரசன் அயன்களை வேகமாகச் செலுத்தி மேற்பரப்புக்குள் பதித்தல். குழிக்குள் அமிலம் உண்டாகும்போது நைதரசன் அமோனியமாக மாறி அந்த அமிலத்தைக் குறைக்கிறது என்பது விஞ்ஞானிகள் தரும் ஒரு விளக்கம். இன்னொன்று, எலும்பிலே இருக்கும் கனிமமான ஐதரொட்சியப்பற்றைட்டைத் தகட்டின்மேல் பூசுதல். உலோகம் மறைந்திருக்கும், எலும்பும் தன் இனம் என்று அதை ஏற்றுக்கொள்ளும்.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: உள்ளே இருப்பது வாளி இரும்பு அல்ல. எலும்பு பொருந்திய பிறகு தொல்லை தராத தகட்டைப் பல வைத்தியர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் புதிதாக நோ, வீக்கம், சிவப்பு, கசிவு என்று ஏதாவது வந்தால் "பழசுதானே" என்று இருக்கக்கூடாது. வைத்தியரிடம் காட்ட வேண்டும். நிக்கல் நகை போட்டால் தோல் கடிக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

ஷெல் துண்டு வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். வைத்தியர் வைத்த 316எல் தகடு வேறு, உடம்பில் தங்கிய ஷெல் துண்டு வேறு. முன்னதைக் காந்தம் இழுப்பதில்லை. பின்னது பெரும்பாலும் சாதாரண உருக்கு, காந்தம் இழுக்கும். எம்.ஆர்.ஐ இயந்திரம் ஒரு மாபெரும் காந்தம். கண்ணுக்கோ, முள்ளந்தண்டுக்கோ, பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் துண்டு இருந்தால் அது அசைந்து பெருந்தீங்கு செய்யக்கூடும்.

சில வருடங்களுக்கு முன் உரைபெயர்ப்புக்காக ஒரு தாயாரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இங்கே பிறந்து வளர்ந்த மகன்தான் படிவத்தை நிரப்பினார். "உடம்பில் உலோகத் துண்டு உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று குறித்தார். நான் அந்த வரியைத் தமிழில் வாசித்தபோது தாயார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தோளைத் தொட்டு, "இதுக்குள்ளை ரெண்டு இருக்கு" என்றார். மகனுக்கு அதுவரை தெரியாது. பிள்ளைக்குச் சொல்லிப் பயப்படுத்த வேண்டாம் என்று இருபத்தைந்து வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வேறு பரிசோதனை செய்தார்கள்.

ஆகவே பிள்ளைகளே, படிவத்தை நிரப்ப முன் அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள். பெரியவர்களே, சொல்லுங்கள். எங்கே, எந்த வருடம், எத்தனை துண்டு என்று ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

மண்டபத்துக் கடற்காற்று

நம்மில் சிலருக்கு மண்டபம் என்றால் முகாம்தான் ஞாபகம் வரும். படகில் வந்து இறங்கிப் பெயர் பதிந்த இடம். அதே கரையில்தான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்துச் சோதித்து வந்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து உருவாகி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட ஆய்வகம் அது. உலோகத்தை மிக வேகமாக அரிக்கும் கரைகளில் ஒன்று என்பதால்தான் அந்த இடம்.

1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில்கள் நின்றன. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் கொங்கிறீற்றுக்குள் எவர்சில்வர் கம்பிகள் வைத்திருக்கிறார்கள். உருக்குக்கு மேலே பொலிசிலொக்சேன் என்ற பூச்சு பூசியிருக்கிறார்கள். உள்ளே நல்ல உலோகம், மேலே நல்ல தோல். இதுவரை சொன்னதெல்லாம் அந்த ஒரு பாலத்திலேயே இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

உப்பைக் கொதித்த தண்ணீரில் போடுங்கள். ஊறுகாயையும் புளிக்கறியையும் எவர்சில்வரில் நாட்கணக்கில் வைக்காமல் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கள். குளோரின் வெளுப்புத் திரவத்தில் பாத்திரங்களை ஊறவிட வேண்டாம். இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டிக் கறளாகும். அப்பச்சோடாவும் மெல்லிய துணியும் போதும். அடியில் தெரியும் வெள்ளைப் படிவு தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. வானவில் நிறம், சூட்டில் தோல் கொஞ்சம் தடித்ததால் வருவது. இரண்டும் கெடுதி இல்லை, வினாகிரியில் போய்விடும். கழுவியபின் துடைத்து, காற்றுப் பட வையுங்கள். தோல் வளர ஒட்சிசன் வேண்டும்.

அடுத்த மாதம் உங்கள் கேள்விகளில் வேறொன்றோடு சந்திப்போம்.